வேலைக்குப் போகும் காருக்கு இன்சூரன்ஸ் பொருந்துமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் காரில் வேலைக்குப் போய்வருவோர் பலர் கேட்பது: வழியில் இடித்துவிட்டால் கிளெய்ம் கிடைக்குமா? கிடைக்கும். வேலைக்குப் போய்வரத் தனி வகை பார்த்துப் பிரீமியம் போடுவது பிரிட்டன் வழக்கம். நம் ஊர் சொந்த உபயோகக் கார் பாலிசியில் அந்தப் பிரிவினை கிடையாது.

பார்க்க வேண்டியது பாலிசியில் வரும் பயன்பாட்டு வரம்புகள் பத்தியை. வாடகைக்கு ஓட்டுவது, சொந்த லக்கேஜும் சாம்பிளும் தவிர சரக்கு ஏற்றுவது, பந்தயம் எல்லாம் விலக்கு. சக ஊழியரைச் சும்மா ஏற்றிப் போகலாம். தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வசூலித்தால், வெள்ளை நம்பர் பிளேட் வண்டி வாடகைக்கு ஓடியது என்று கிளெய்மை மறுக்க இடமாகிவிடும். அறுவடை சமயத்தில் பின் சீட்டை மடக்கி நெல் மூட்டை ஏற்றுவதும் அப்படித்தான் (எத்தனை பேர் செய்கிறார்கள்!).

மூன்றாம் நபர் பாலிசி (நம் வண்டியால் பிறருக்கு ஆகும் பாதிப்புக்கானது) மட்டும் இருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. உடன் வருபவருக்கும் பொதுவாகப் பாதுகாப்பில்லை. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 ஆண்டுக்குச் சேர்த்தே போடப்படுகிறது. உங்கள் வண்டிச் சேதத்துக்கான சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும். இரண்டு தேதியையும் பாருங்கள்.

கிலோமீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கும் பாலிசி தினப் பயணத்துக்கு ஒத்துவராது. போகவர 80 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 10,000 கி.மீ. வரம்பு ஐந்தே மாதத்தில் தீரும். டாப்-அப் போட்டு கூடுதல் கி.மீ. வாங்காவிட்டால் சொந்தச் சேதத்துக்குக் கிளெய்ம் சிக்கலாகும்.

வாசகர், கும்பகோணம்