செம்புக் கம்பியை நம்பிக் கொடுத்தவர்களுக்கு

எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றும் எங்கள் வைண்டிங் பட்டறைக்கு வரும் மோட்டார்களை இப்போது நானே பிரிக்கிறேன், நானே காயில் கட்டுகிறேன், நானே சோதித்து அனுப்புகிறேன். அடுத்த மாதத்திலிருந்து எனக்கென்று தனி மேசை போட்டுத் தருவதாக முதலாளி சொல்லிவிட்டார். இந்த இடத்துக்கு நான் தனியாக வந்து சேரவில்லை. கொண்டுவந்து சேர்த்தவர்களுக்குப் பொதுவில் நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவர்களில் பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

நான் ஒரு நூற்பாலை ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். ஆலை மூடியபோது எனக்கு 43 வயது. வேறு ஆபீஸ்களில் கேட்டால், சின்ன வயதுப் பிள்ளைகளாக எடுக்கிறோம் என்றார்கள். சரி, அது பழைய கதை.

முதல் நன்றி, அரசு ஐடிஐயில் அன்று விண்ணப்பம் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு. அண்ணன் மகனைச் சேர்க்கத்தான் போயிருந்தேன். சுவரில் இருந்த பாடப்பிரிவுப் பட்டியலை நான் திரும்பத் திரும்பப் படிப்பதைப் பார்த்துவிட்டு அவராகவே கேட்டார்: "உங்களுக்குங்களா? ஆம்பளைங்களுக்குத்தான் 40 வயசு வரைக்கும். பொம்பளைங்களுக்கு வயசு வரம்பே இல்லைங்க." அவர் அதைச் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. எலக்ட்ரீஷியன் பிரிவு, இரண்டு வருடம். கட்டணம் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை என்று எல்லாம் கிடைத்தது. வீட்டில் ஒரு சம்பளம் நின்றுபோன நேரத்தில் 750 ரூபாய் பெரிய தொகைதான்.

என்னோடு படித்த பிள்ளைகள் எல்லாம் என் மகள் வயது. முதல் வாரம் மேடம் என்றார்கள், அப்புறம் அக்கா ஆகிவிட்டேன். ஏணி ஏறக் கால் நடுங்கியபோது கீழே பிடித்துக்கொண்டு நின்றதும், இரண்டு கம்பிகளை இணைக்கும் பிரிட்டானியா ஜாயின்ட் போட விரலுக்குப் பலம் போதாதபோது பிளேயரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டியதும் அந்தப் பிள்ளைகள்தான். பதிலுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். கண்ணுகளா, எல்லோரும் வேலையில் இருக்கிறீர்கள் என்று கேள்விப்படும்போது மனசு நிறைகிறது.

வைண்டிங் பாடம் வந்தபோதுதான் எனக்கு இந்த வேலையின் மேல் ஆசை பிடித்தது. 36 ஸ்லாட் (காயில் இறங்கும் பள்ளம்), 4 போல் (காந்த முனை) மோட்டார் என்றால் ஒரு போலுக்கு 9 ஸ்லாட். ஒரு போலுக்கு 180 எலக்ட்ரிகல் டிகிரி, அதை 9 ஆல் வகுத்தால் ஸ்லாட்டுக்கு 20 டிகிரி. மூன்று பேஸும் (மின்சாரம் வரும் மூன்று லைன்) 120 டிகிரி இடைவெளியில் நிற்க வேண்டும் என்றால் ஆறு ஸ்லாட் தள்ளித் தள்ளித் தொடங்க வேண்டும்: ஒன்று, ஏழு, பதின்மூன்று. இத்தனை வருடம் கணக்கு எழுதியவளுக்கு, காகிதத்தில் சரியாக வரும் ஒரு கணக்கு இரும்புக்குள் போய்ச் சுழல்வதைப் பார்த்தது பெரிய அதிசயமாக இருந்தது. ராத்திரி உட்கார்ந்து நான் படம் போட, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஸ்கெட்ச் பேனாவில் மூன்று பேஸையும் கலர் அடித்துக் கொடுத்தது என் மகள். அந்த நோட்டை இன்றும் பட்டறையில் வைத்திருக்கிறேன்.

ஆனால் ஐடிஐயில் கற்றுக்கொள்வது தொடக்கம்தான். கை பழக வேண்டும் என்றால் ஸ்டேட்டர், அதாவது காயில் உட்காரும் இரும்புப் பகுதி, வேண்டும், ஒன்றல்ல, நிறைய. எங்கள் கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பாய் அதற்கு வழி செய்தார். எரிந்த மோட்டாரில் காசு பெறுவது செம்புதான். அதை உரித்த பிறகு மிஞ்சும் இரும்பை எடைக்குப் போடுவார்கள். அந்த வெறும் ஸ்டேட்டர்களை, "பழகிட்டுத் திருப்பிக் குடுங்கம்மா, காசெல்லாம் வேண்டாம்" என்று எடுத்து வைத்துத் தந்தார். கிரைண்டர் மோட்டாரிலிருந்து மோனோபிளாக் பம்ப் வரைக்கும் அவர் கொடுத்ததில்தான் என் விரல்கள் வழிக்கு வந்தன.

இனிச் சொல்ல வேண்டியது மாஸ்டரைப் பற்றி. கோயம்புத்தூரின் கணபதி பகுதியில் ஒரு சந்துக்குள் இருக்கும் பட்டறை. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-இல் நாட்டின் முதல் மின் மோட்டாரைச் செய்த ஊர் இது. அதனால் இங்கே வைண்டர்களுக்குப் பஞ்சம் இல்லை. சொல்லிக்கொடுக்கிற வைண்டர்கள்தான் குறைவு. எத்தனை சுற்று, எந்த கேஜ் (தடிமன்) கம்பி, காயிலின் பிட்ச் (அதன் இரு பக்கங்களுக்கும் நடுவே எத்தனை ஸ்லாட்) எவ்வளவு, கனெக்‌ஷன் எப்படி என்று ஒவ்வொரு மோட்டாருக்கும் எழுதி வைத்த நோட்டுதான் ஒரு வைண்டரின் சொத்து. கூட வேலை செய்பவரிடம்கூடக் காட்ட மாட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் சேர்ந்த அந்த நோட்டுகளை மாஸ்டர் என் முன்னால் வைத்து, "உங்க கையெழுத்து நல்லா இருக்குது அம்மிணி. இதையெல்லாம் ஒழுங்கா ஒரு புத்தகத்துல ஏத்திக் குடுங்க. ஏத்தும்போதே படிச்சுக்கலாம்" என்றார். அப்படி ஒரு வழியில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்!

எரிந்த மோட்டாரைப் படிக்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். காயில் முழுவதும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் பெரும்பாலும் ஓவர்லோடு, இல்லையென்றால் லோ வோல்டேஜ். ஓரிடத்தில் மட்டும் கருகியிருந்தால் சுற்றுக்குள் ஷார்ட். மூன்று பேஸ் காயிலையும் ஸ்டார் முறையில் இணைத்து ஓடிய மோட்டாரில் இரண்டு பேஸ் கறுத்து ஒன்று மட்டும் புதிதுபோல இருந்தால், ஒரு பேஸ் வராமலே ஓடியிருக்கிறது. டெல்டா முறையில் இணைத்தது என்றால் அதுவே மாறி, ஒன்று கருகி இரண்டு தப்பிக்கும். காரணம் தெரியாமல் கட்டிக் கொடுத்தால் அடுத்த வாரமே திரும்பி வரும் என்பார். ஃபியூஸையும் ஸ்டார்ட்டரையும் பார்க்கச் சொல்லி விவசாயியிடம் எடுத்துச் சொன்ன பிறகுதான் மோட்டாரை ஏற்றி விடுவார். பழைய காயிலைச் சீக்கிரம் உரிக்கலாம் என்று தீயில் போட்டு வாட்டவும் அவர் விடமாட்டார். ஸ்டேட்டரில் அடுக்கியிருக்கும் ஸ்டாம்பிங் தகடுகளுக்கு நடுவே இருக்கும் காப்பு போய்விட்டால், எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அந்த மோட்டார் சூடாகிக்கொண்டேதான் இருக்கும்.

முதலாளிக்கு என்ன சொல்வது? செம்பு விலை எல்லோருக்கும் தெரியும். ஒரு 5 எச்.பி. மோட்டாருக்கே சில கிலோ கம்பி போகும். ஸ்லாட்டில் இறக்கும்போது கம்பியின் எனாமல் பூச்சு ஓரிடத்தில் உரசினால் போதும், மொத்தமும் வீண். சேர்ந்து கொஞ்ச நாளிலேயே புதுக் கம்பிச் சுருளை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்காமல் டீ குடிக்கப் போய்விட்டார். நின்று பார்த்தால் எனக்குக் கை நடுங்கும் என்று தெரிந்தே போனார் என்பதை மாஸ்டர் அப்புறம் சொன்னார். அந்த நம்பிக்கைக்கு ஈடாக நான் எதைக் கொடுக்க முடியும்?

அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்து ஐயாவையும் சொல்லியே ஆக வேண்டும். ஆயிரம் அடியைத் தாண்டிய போர்வெல். அதிலிருந்து சப்மெர்சிபிளை, அதாவது தண்ணீருக்குள்ளேயே ஓடும் மோட்டார் பம்பை, மேலே ஏற்றவும் மறுபடி இறக்கவும் வண்டி, ஆள் என்று ஒவ்வொரு தடவையும் செலவு. கோடை, வாழை காய்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் காய்ச்சலில் படுத்திருந்தார். வேறு பட்டறைக்குக் கொண்டுபோகிறீர்களா என்று முதலாளி கேட்டதற்கு, "அம்மிணியே கட்டட்டுமுங்க" என்றார் ஐயா. தண்ணீர் நிரப்பி ஓடும் சப்மெர்சிபிளில் காயிலை முன்கூட்டியே சுற்றி இறக்க முடியாது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை ஒவ்வொரு ஸ்லாட்டாக ஊசியில் நூல் கோப்பதுபோல இழுத்து இழுத்துக் கட்ட வேண்டும். கட்டி முடித்து, தண்ணீரில் ஊறப் போட்டு, காப்பு சரியாக இருக்கிறதா என்று மெக்கர் கருவி வைத்துப் பார்த்து அனுப்பினேன். அடுத்த நாள் காலையில் தண்ணீர் பாயும் சத்தத்தை போனிலேயே கேட்க வைத்தார். ஐயா, அந்தப் போனை நான் மறக்கவே மாட்டேன்.

பேரிங் ஹவுசிங் தேய்ந்துபோய் நான் தூக்கிக்கொண்டு ஓடிவரும்போதெல்லாம், கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு ஸ்லீவ் போட்டுக் கொடுக்கும் எதிர் லேத் பட்டறை அண்ணனுக்கும் நன்றி.

வீட்டில் எல்லோரும் தாங்கினார்கள். அதிலும் என் மாமியார். "இந்த வயசுல பொம்பளை மோட்டார் கட்டப் போறாளாக்கும்" என்று சொந்தத்தில் பேசியபோது, "உங்க வீட்டு மோட்டார் போச்சுன்னா அவகிட்டத்தான் வருவீங்க" என்று பதில் கொடுத்தது அவர். அப்படியே வந்தார்கள் என்பதையும் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுப்படியை முழுக்க அவர் எடுத்துக்கொண்டதால்தான் நான் பாடப் புத்தகத்தோடு உட்கார முடிந்தது. அத்தை, உங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் போதாது.

பாய் கொடுத்த ஸ்டேட்டர்களில் சிலவற்றை அவரிடம் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். காயில் கட்டிப் பழக நினைக்கிற பெண்கள், எந்த வயதானாலும், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் பட்டறைக்கு வரலாம். முதலாளி சாவியைத் தந்துவிட்டார், மாஸ்டரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கம்பி, ஸ்லாட் பேப்பர் எல்லாம் அங்கேயே இருக்கிறது.

நன்றியுடன்,
கணபதியிலிருந்து ஒரு மோட்டார் வைண்டர்