உங்க மாடி பைப் எங்க போகுது பேச்சி?

ஏய் பேச்சி,

எப்படிடி இருக்க, அண்ணனுக்கு முட்டி வலி தேவலையா? போன்ல பேசுனா அஞ்சு நிமிஷத்துல அடுப்புல பால் இருக்குன்னு ஓடிடுவ, அதான் எழுதுறேன்.

போன மாசம் எங்க மடிப்பாக்கம் பிளாட்ல ஒரு கூத்து. வருஷா வருஷம் மே மாசம் லாரித்தண்ணி காசுக்கு அசோசியேஷன்ல அடிதடி, அப்ப மழைநீர் சேகரிப்புன்னு ஒண்ணு இருக்கே அது என்னதான் பண்ணுதுன்னு நான் வாயை விட்டேன். கிணத்துக்கு சிமெண்ட் உறை எறக்குற பெரியவர் ஒருத்தர் வந்தாரு, மாடியில ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தச் சொல்லிட்டு கீழ பைப்ல காதை வச்சுக் கேட்டாரு, அப்புறம் நேரா போயி சாக்கடை மூடியைத் தூக்கிக் காட்டுனாரு. அத்தனையும் அதுல கொட்டுது! 2003லயே கட்டாயம்னு சட்டம் போட்டாச்சு, எங்க பில்டர் கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் பைப் போட்டுட்டு மண்ணுக்குள்ள சாக்கடையில சொருகிட்டான். பதினாலு வருஷமா நல்ல தண்ணியை சாக்கடைக்கு விட்டுட்டு லாரிக்காரனுக்குக் காசு கொடுத்திருக்கோம்.

எங்க மாடி 2400 சதுர அடி, சென்னையில வருஷத்துக்கு 1400 மில்லிமீட்டர் கிட்ட பெய்யுது, என் பையன் கணக்கு போட்டான், மூணு லட்சம் லிட்டருக்கு மேல வருது, 12,000 லிட்டர் லாரின்னா இருபத்தஞ்சு லோடு. பாதி புடிச்சாலே போதும்ல? 2015 டிசம்பர்ல கீழ் வீட்டு ஃப்ரிட்ஜ் மிதந்துச்சு, 2019ல ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு, ஒரே ஊருடி இது.

இப்ப தெருவெல்லாம் மழைநீர் வடிகால் கட்டியிருக்காங்க, வேணாம்னு சொல்லல. ஆனா எங்க பக்கத்துத் தண்ணி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போயி, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்ல சேர்ந்து, கோவளம் பக்கம்தான் கடலுக்குப் போகணும். மிக்ஜாம் புயல் அப்போ கடலே பொங்கி நிக்குது, எங்கேர்ந்து உள்ள வாங்கும்? தேங்கி நிக்க அந்த சதுப்பு நிலம்தான் இருந்துச்சு, அதுலயும் குப்பையைக் கொட்டி, பில்டிங் கட்டி, மிச்சம் இருக்குறதுல 1247 ஹெக்டேருக்கு 2022ல ராம்சர்னு, உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களுக்குக் கொடுக்குற அந்தஸ்து, கொடுத்திருக்காங்க. இன்னொரு பக்கம் நெம்மேலியில கடல் தண்ணியைக் கரண்ட் செலவு பண்ணிக் குடிதண்ணி ஆக்குறாங்க. வானத்துல இருந்து வர்றதை கடலுக்குத் தள்ளிட்டு அப்புறம் கடல்லயிருந்து எடுக்குறோம், சிரிக்கவா அழவா சொல்லு.

பெரியவர் பதினஞ்சு அடி தோண்டுனாரு, மேல பிசுபிசுன்னு களிமண்ணு, பன்னெண்டு அடிக்குக் கீழ மணல் வந்ததும் "இனி குடிக்கும்மா"ன்னாரு. உறை எறக்கி, ஜல்லி போட்டு, மாடி பைப்பைத் திருப்பியாச்சு. நேத்து ராத்திரி நல்ல மழை, நான் நைட்டியோட டார்ச் எடுத்துட்டுப் போயி மூடியைத் தொறந்து பார்க்குறேன், தடதடன்னு விழுது, பாதி உறை ரொம்பிடுச்சு. காலையில பார்த்தா அடியில ஈரம் மட்டும்தான்! போர் தண்ணியில உப்பு கொறையுமான்னு அடுத்த மே மாசம்தான் தெரியும்.

உங்க தூத்துக்குடியிலயும் இதே கதைதானடி, 2023ல எங்களுக்கு வெள்ளம் வந்து ரெண்டு வாரத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, நீ மாடியில நின்னு போன் பண்ணது இன்னும் காதுலயே இருக்கு. ஐப்பசி பொறந்தாச்சு, பாலை எறக்கி வச்சுட்டு மொதல்ல உங்க மாடியில ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பாரு, எங்க போகுதுன்னு எனக்குச் சொல்லு.

உன்
சுதா