"எப்போதிலிருந்து இந்த மாத்திரை?"

அன்புள்ள எல்லோருக்கும்,

இன்று காலை சட்டைப் பொத்தான்களை நானே போட்டுக்கொண்டேன். ஐந்து மாதமாக மகள்தான் போட்டுவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில்தான் இந்த மடல்.

எழுந்ததும் விரல் மூட்டுகள் விறைத்துக்கொள்ளும். மாலையானால் லேசாகக் காய்ச்சல். மூச்சை இழுத்தால் விலாவில் குத்தும். வயசாகிவிட்டது என்று ஒருவர் வலி மாத்திரை எழுதினார். அப்புறம் ஏ.என்.ஏ. பரிசோதனை, அதாவது சொந்த உடம்பையே எதிர்க்கும் எதிர்ப்பான்கள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, பாசிட்டிவ் என்று வந்தது. லூபஸ், உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் வியாதி, ஆயுசு முழுக்க மருந்து என்றார்கள்.

மருந்துக்கடைத் தம்பி, முதல் நன்றி உங்களுக்கு. புதுச் சீட்டை நீட்டியபோது, "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? எப்போதிலிருந்து?" என்று கேட்டது நீங்கள் மட்டும்தான். பிரஷருக்கு ஹைட்ரலசின், இரண்டு வருடமாக என்றேன். 'மூட்டு டாக்டரிடம் இதைச் சொல்லவும். நீங்களாக நிறுத்த வேண்டாம்' என்று சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தீர்கள். அது இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

டாக்டர் அம்மா, பொறுமையாக விளக்கினீர்கள். ஹைட்ரலசினால் லூபஸ் போலவே வரும் என்பது 1950களிலேயே தெரிந்ததாமே! காசநோய்க்கான ஐசோனியசிட், பருவுக்குத் தரும் மினோசைக்ளின், இதயத் துடிப்புக்கான புரோகைனமைடு இவற்றாலும் சிலருக்கு வருமாம். மருந்தை மெதுவாகச் சிதைக்கும் கல்லீரல் வாய்த்தவர்களுக்கு ஹைட்ரலசினில் ஆபத்து கூடுதல் என்றீர்கள். பரம்பரைச் சொத்து என்று எனக்கு வந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது! மருந்தால் வரும் லூபஸில் பெரும்பாலும் காணப்படும் ஹிஸ்டோன் எதிர்ப்பான் என் ரத்தத்தில் இருந்தது. ஆனால் அது நிஜ லூபஸிலும் இருக்கும் என்பதால் அதை வைத்து மட்டும் நீங்கள் முடிவு கட்டவில்லை. சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, பிரஷருக்கு வேறு மாத்திரை கொடுத்து, ஹைட்ரலசினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தீர்கள். மூன்றாவது வாரம் காய்ச்சல் விட்டது. விரல்கள் மெல்ல மெல்ல மடங்கின.

வீங்கிய கையில் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்த லேப் தங்கைக்கும் நன்றி. பழைய சீட்டுகளையெல்லாம் தேடி, எந்த மாத்திரை எந்த மாதம் தொடங்கியது என்று நோட்டில் எழுதிய என் மகளுக்கு என்ன சொல்ல?

முதலில் பார்த்தவர் மேல் கோபம் இருந்தது. சரி, அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏ.என்.ஏ. இன்னும் பாசிட்டிவ்தான். அது அடங்க மாதக்கணக்கில் ஆகுமாம். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, தம்பி, கடைப்பக்கம் வருகிறேன். இந்த முறை மாத்திரை வாங்க அல்ல.