இதயத்தைப் பார்க்கிறீர்கள், கால்களையும் பாருங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பிறவி இதயக் குறைபாட்டுக்காக 6 வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட எனக்கு இப்போது வயது 35. ஆண்டுதோறும் ஈசிஜியும் எக்கோவும் எடுக்கிறார்கள். ஆனால் மாடிப்படி ஏறும்போது முதலில் மூச்சு வாங்குகிறதா, தொடை சோர்கிறதா என்று எந்த மருத்துவரும் இதுவரை என்னைக் கேட்டதில்லை.

என்னைப் போன்றவர்களுக்குக் கால் தசைகளின் வலுவும் தாக்குப்பிடிக்கும் திறனும் சராசரியைவிடக் குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதயம் அனுப்பும் இரத்தம் குறைவாக இருப்பது ஒரு காரணம். "ஓடாதே, மூச்சு வாங்கும்" என்று அன்பின் பேரில் எங்களைத் திண்ணையிலேயே உட்கார வைத்த வளர்ப்பு இன்னொன்று. (விளையாட்டு வகுப்பில் சக மாணவர்களின் செருப்புகளுக்குக் காவல் இருந்தே நான் பள்ளியை முடித்தேன்.)

இதயத்தின் இரு கீழறைகளில் ஒன்று மட்டுமே சரியாக இயங்குவோருக்கு, பிரான்சின் இதய அறுவை மருத்துவர் பிரான்சிஸ் ஃபோன்டான் 1971-இல் வெளியிட்ட முறையின் வழிவந்த அறுவை சிகிச்சைகள் செய்யப்படுகின்றன; அவற்றைப் பெற்றவர்களுக்குக் கால் வலு இன்னும் முக்கியம். உடலிலிருந்து திரும்பும் இரத்தம் அவர்களுக்கு இதய அறையின் உந்துதல் இல்லாமலே நுரையீரலுக்குச் செல்ல வேண்டியிருப்பதால், மூச்சின் இழுப்பும், நடக்கையில் ஆடுசதை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுவதுமே பெருந்துணை. ஆஸ்திரேலியாவில் இத்தகையோர் சிலர் 20 வாரம் எடைப் பயிற்சி செய்தபோது, தசை கூடியதோடு இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவும் உயர்ந்தது.

தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனை 18 வயதோடு நின்றுவிடுகிறது. ஆனால் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே வீடு தேடிச் செல்கிறார்கள். 18 வயதைக் கடந்த பிறவி இதய நோயாளிகளையும் அவர்களது பட்டியலில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். கால் வலுவை அறிய, கை ஊன்றாமல் 30 விநாடிகளில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணுவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. பெருந்தமனி வீங்கியவர்களுக்கும், வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களுக்கும், நுரையீரல் தமனியில் அழுத்தம் மிகுந்தவர்களுக்கும் இதய மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே பயிற்சி தொடங்க வேண்டும் என்பதையும், மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கக் கூடாது என்பதையும் மருத்துவமனை தரும் குறிப்பேட்டிலேயே அச்சிடலாம்.

சென்ற வாரம் வீட்டில் எண்ணிப் பார்த்தோம். 62 வயதான என் அப்பா 14 முறை எழுந்தார். நான் 11 முறை.

இப்படிக்கு,
பிறவி இதய நோயாளி ஒருவன்