என் புகாரைத் தமிழ் தெரிந்த ஒருவராவது படித்தாரா?

கும்பகோணம்,
12.07.2024

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இந்தியப் பிரிவு.

பொருள்: தேர்தல் சமயத்தில் உங்கள் சமூக ஊடகத் தளத்தில் உள்ள என் கடைப் பக்கத்தில் குவிந்த ஆபாச வசவுகள், வெட்டி ஒட்டிய படம், பொய் ரேட்டிங் ஆகியவற்றை நீக்காதது, புகார் செய்த என் கணக்கையே முடக்கியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆப்பில் சொன்னேன், மெயிலில் சொன்னேன், போனில் சொன்னேன், பெங்களூருக்கு நேரில் வந்தும் சொல்லப் பார்த்தேன். ஒரு பயனும் இல்லாததால் இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறேன். தயவுசெய்து இதையாவது தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

நான் உங்களிடம் காசு கொடுக்கும் வாடிக்கையாளர். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு விற்கும் எங்கள் கடைக்குப் பல வருடமாக உங்கள் தளத்தில்தான் விளம்பரம் போடுகிறேன். கணக்கு உண்மையானது என்று காட்டும் அந்த டிக் குறிக்கும் மாதச் சந்தா கட்டுகிறேன். சந்தா கட்டினால் மனிதர்களே பேசி உதவுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அதை நம்பித்தான் கட்டினேன். ஜிஎஸ்டி போட்ட ரசீதுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

அப்படிச் சந்தா கட்டியதற்குக் கிடைத்த உதவியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். உங்கள் உதவி மையத்திலிருந்து ஒருவர் போனில் அழைத்தார். நன்றாகத் தமிழ் பேசினார். சரி, நம் மொழி தெரிந்தவர், இனிமேல் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். என் பக்கத்தில் வந்திருக்கும் கமென்டுகளைத் திறந்து பாருங்கள் என்றேன். "அதை என்னால பார்க்க முடியாது மேடம், நீங்களே வாசிங்க" என்றார். வாசித்தேன். என்னைப் பற்றியும் என் தாயைப் பற்றியும் எவனோ எழுதியதை, என் வாயாலேயே, கடையில் ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போது, குரலைத் தாழ்த்தி வாசித்தேன். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னது: "அது அவங்க கருத்து மேடம். உங்க பிசினஸ் விளக்கு விக்கிறது. உங்களுக்கு எதுக்கு அரசியல்? பிடிக்கலைன்னா பிளாக் பண்ணிட்டு வேலையைப் பாருங்க." போனை வைத்ததும் உங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று மெசேஜ் வந்தது.

அந்த அழைப்பு பதிவு செய்யப்படும் என்று தொடக்கத்தில் உங்கள் குரலே சொன்னது. தயவுசெய்து அதை எடுத்துக் கேளுங்கள்.

நான் அப்படி என்ன அரசியல் பேசிவிட்டேன் என்று கேட்பீர்கள். ஏப்ரல் 19-ல் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல். மார்ச் கடைசியில் ஒரு பதிவு போட்டேன். எங்கள் ஊரைத் தலைநகராக வைத்துத் தனி மாவட்டம் வேண்டும் என்பது இங்கே நெடுநாள் கோரிக்கை. மயிலாடுதுறை 2020-ல் 38-வது மாவட்டம் ஆனது. கும்பகோணம் மட்டும் இன்றைக்கும் தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது, கலெக்டர் ஆபீஸ் வேலை என்றால் அங்கேதான் போக வேண்டும். தேர்தலுக்கு மட்டும் நாங்கள் மயிலாடுதுறைத் தொகுதி. ஓட்டு கேட்டு வருகிற எல்லா வேட்பாளரும் இதற்கு என்ன பதில் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு கட்சியின் பெயரையும் எழுதவில்லை. இவ்வளவுதான் பதிவு.

மறுநாள் காலையில் ஒரு கூட்டம், பாஜக ஆள் என்ற பொருளில், என்னைச் 'சங்கி' என்றது. மத்தியானம் இன்னொரு கூட்டம், காசு வாங்கிக்கொண்டு எழுதும் திமுக உடன்பிறப்பு என்ற பொருளில், '200 ரூபாய் உபி' என்றது. சாயங்காலத்துக்குள் மூன்றாவது அணியும் வந்துவிட்டது. யாரும் மாவட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நான் யாருடைய ஆள், எவ்வளவு வாங்கினேன், என் சாதி என்ன, என் நடத்தை எப்படி என்பதுதான் பேச்சு. எழுதியவர்களில் பலருக்கு முகமே இல்லை, தலைவர் படம்தான் முகப்புப் படம். பல கணக்குகளில் நண்பரும் இல்லை, பழைய பதிவும் இல்லை. அதே வாக்கியம், அதே எழுத்துப்பிழையோடு, வேறு வேறு பெயர்களில் வந்தது. இதைக் கண்டுபிடிக்க நான் கம்ப்யூட்டர் படிக்கவில்லை, கண் இருந்தால் போதும். உங்கள் தளத்தில் எந்தக் கணக்கு எப்போது தொடங்கியது, எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

அரசியலில் திட்டு விழும், அது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. அப்பாவும் பெரியப்பாவும் தேர்தல் வந்தால் கடுமையாகச் சண்டை போடுவார்கள். ஆனால் பெரியப்பாவின் கட்சியைத்தான் அப்பா திட்டுவார், பெரியம்மாவைத் திட்ட மாட்டார். என் பதிவுக்குக் கீழே ஒருவர், கும்பகோணத்துக்கு மாவட்டம் தேவையே இல்லை, கோரிக்கை வைப்பவர்கள் சுயநலக்காரர்கள் என்று எழுதியிருந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அதன்மேல் நான் புகார் கொடுக்கவில்லை. உங்கள் பதிலில் கருத்துச் சுதந்திரம் என்று எழுதுகிறீர்களே, இணையத்தில் எழுதியதற்குக் கைது செய்ய இடம் தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்தது சரியான தீர்ப்பு என்று நினைக்கிறவள்தான் நானும். ஒரு பெண்ணின் முகத்தை வெட்டி அசிங்கமான படத்தில் ஒட்டுவது எந்தச் சுதந்திரத்தில் வரும்?

ஆமாம், அந்தப் படம். பொங்கலுக்குக் கடை வாசலில் எடுத்த போட்டோவிலிருந்து என் முகத்தை எடுத்து ஒட்டியிருந்தார்கள். என்ன படம் என்று எழுத மனம் வரவில்லை. அது உங்கள் ரிப்போர்ட் பக்கத்தில் என் பெயரில் பதிவாகியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். படம் பலரிடம் பரவி, கல்லூரியில் படிக்கும் என் மகளின் வகுப்புத் தோழி போனில் காட்டித்தான் என் மகளுக்குத் தெரிந்தது. உங்கள் பதில், "நாங்கள் பரிசீலித்தோம், இது எங்கள் சமூக விதிமுறைகளை மீறவில்லை." நான் பொத்தானை அழுத்திய கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பதில் வந்துவிட்டது. அதற்குள் யார் பார்த்தார்கள், எப்போது பரிசீலித்தார்கள்?

உங்கள் மெஷினுக்குத் தமிழ் தெரியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கெட்ட வார்த்தையை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள், நடுவில் ஒரு புள்ளி வைக்கிறார்கள், ஒரு எழுத்துக்குப் பதிலாக எண்ணைப் போடுகிறார்கள். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும். உங்களுக்கு மட்டும் புரியவில்லை. ஆனால் அதே கமென்டுகளை நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 'ஒரு கேள்வி கேட்டதற்கு இவ்வளவு' என்று என் பக்கத்தில் போட்டதும், துன்புறுத்தும் உள்ளடக்கம் என்று சொல்லி என் கணக்கை முடக்கினீர்கள். எழுதியவன் கணக்கு இயங்கியது, அடிபட்டவள் கணக்கு முடங்கிக் கிடந்தது. முடக்கியிருந்த நாட்களிலும் என் கார்டிலிருந்து சந்தா மட்டும் தவறாமல் போனது.

பெங்களூர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் ரசீதில் அந்த விலாசம்தான் இருந்தது. மயிலாடுதுறை - மைசூர் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்துகொண்டு, பிரின்ட் எடுத்த காகிதங்களை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் செக்யூரிட்டி, அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதா என்றார். யாரிடம் வாங்குவது என்றேன். தெரியாது என்றார். கெஞ்சிக் கேட்டபின் வரவேற்பிலிருந்து ஒரு பெண் வந்தார். என் பையைக்கூடத் திறக்கச் சொல்லாமல், ஒரு சின்னத் தாளில் மெயில் விலாசம் எழுதிக் கொடுத்தார். ஊரிலிருந்து நான் எழுதி எழுதி ஓய்ந்துபோன அதே விலாசம். இதிலேயே எழுதியிருக்கிறேன் அம்மா, பதில்தான் இல்லை என்று சொல்வதற்குள் கண்ணாடிக் கதவு மூடிவிட்டது. வெயிலில் எதிர்க் கடை ஓரத்தில் மாலை வரை நின்றேன். ஒருவராவது இறங்கி வந்து அந்தக் காகிதங்களை வாங்கியிருக்கலாம். திரும்பி வந்து படுத்தவள் காய்ச்சலில் எழுந்திருக்கவில்லை.

இந்த வசவுகள் கொட்டிக்கொண்டிருந்தபோது உங்களிடமிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. "உங்கள் பதிவு வழக்கத்தைவிடச் சிறப்பாகச் செயல்படுகிறது. 500 ரூபாய் செலுத்தினால் இன்னும் பலரைச் சென்றடையும்." என்னைத் திட்டுவதற்கு இன்னும் ஆள் சேர்க்க என்னிடமே காசு கேட்டீர்கள். அதைப் படித்தபோதுதான் இது எப்படி நடக்கிறது என்று புரிந்தது. 2021-ல் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த ஆவணங்களால் அந்த நிறுவனம் பற்றி ஒரு விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது. 2017 முதல் சில காலம் அங்கே கோபக் குறிக்கு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்திருந்தார்கள். எது மக்களுக்குக் கோபம் ஊட்டுகிறதோ அது மேலே வரும். அது வேறு நிறுவனம் என்பீர்கள். சரி, எதை மேலே காட்டுவது என்பதற்கு உங்கள் கணக்கு என்ன என்று நீங்கள் சொல்லுங்கள். என் பதிவுக்கு வந்த நல்ல பதில்கள் அடியில் கிடந்தன, மிக அசிங்கமானது முதலில் நின்றது. அதை அங்கே நிறுத்தியது நான் இல்லை.

பெண்களுக்கு இது புதிதில்லை. 2019 மக்களவைத் தேர்தல் சமயத்தில் இந்தியாவின் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்டு வந்த ட்வீட்களை மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி ஆராய்ந்தது. ஏறக்குறைய ஏழில் ஒன்று வசையாகவோ தொல்லையாகவோ இருந்தது. அவர்களுக்குப் பின்னால் கட்சி உண்டு, வக்கீல் உண்டு. விளக்குக் கடை வைத்திருப்பவளுக்கு யார் இருக்கிறார்கள்? இந்தத் தேர்தலில் என் பக்கத்தைப் பார்த்த எத்தனை பெண்கள், நமக்கு எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டார்கள் தெரியுமா? நேரில் சொன்னவர்களே பலர். உங்கள் ஊழியர் சொன்ன "உங்களுக்கு எதுக்கு அரசியல்" என்பதைத்தான் அந்த அடியாட்களும் சொன்னார்கள். எனக்கு ஓட்டு இருக்கிறது, வரி கட்டுகிறேன், கேள்வி கேட்பேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும்.

உங்களைக் குறை சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. உங்கள் தளத்தால்தான் எங்கள் விளக்கு சிங்கப்பூர் வரை போனது, அந்த நன்றி எனக்கு உண்டு. அதனால்தான் இவ்வளவு நாள் பொறுத்தேன். ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி என் புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, 15 நாளில் தீர்த்திருக்க வேண்டும். வெட்டி ஒட்டிய படத்தை 24 மணி நேரத்துக்குள் எடுக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். விதியை மீறினால், மற்றவர் போடும் பதிவுக்குத் தளம் பொறுப்பில்லை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு தரும் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. இதெல்லாம் உங்கள் வக்கீல்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவைப் பகிர்ந்த ஒரு முன்னாள் எம்எல்ஏவுக்கு இந்தப் பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அதற்கு ஆறு வருடம் ஆனது. ஆறு வருடம் காத்திருக்க எனக்குத் தெம்பு இருக்கிறது, அதை நீங்கள் சந்தேகப்பட வேண்டாம்.

நஷ்டத்தையும் கேளுங்கள். எங்களிடம் ஒரு விளக்குகூட வாங்காதவர்கள் வரிசையாக வந்து ஒரு ஸ்டார் போட்டார்கள். 'பித்தளை இல்லை, தகரத்துக்குப் பாலிஷ்' என்று எழுதினார்கள். அன்னம் வைத்த ஒரு விளக்கு வார்த்துக் கடைந்து முடிக்கப் பட்டறையில் எத்தனை கை மாறுகிறது என்று அவர்களுக்குத் தெரியுமா? மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பம் சேர்த்த பெயர் அழிந்துவிட்டது. ஆவணி முகூர்த்தத்துக்கு வர வேண்டிய ஆர்டர் எல்லாம் போய்விட்டது. ஒரு கிரகப்பிரவேச ஆர்டர்காரர், "கட்சிக்காரங்க கடைன்னு சொல்றாங்களே அக்கா" என்று முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். பட்டறைக் குடும்பங்கள் எங்களை நம்பி இருக்கின்றன. பத்து லட்சம் கொடுத்தாலும் இது ஈடாகாது. ஆனால் பத்து லட்சம் கேட்கப் போகிறேன்.

இதைப் படிக்கும் நீங்கள் தனிப்பட்ட முறையில் நல்லவராக இருக்கலாம். உங்களிடம் பணிவோடு கேட்கிறேன். அந்தப் படத்தையும் அது பகிரப்பட்ட இடங்களையும் இன்றே நீக்குங்கள். இணைப்பில் உள்ள கமென்டுகளைத் தமிழ் தெரிந்த ஒரு மனிதர், மெஷின் இல்லை, மனிதர், உட்கார்ந்து படித்து, ஒவ்வொன்றுக்கும் ஏன் எடுத்தோம், ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தமிழில் பதில் எழுத வேண்டும். பொய் ரேட்டிங்கை நீக்க வேண்டும். என் கணக்கின் மேல் போட்ட துன்புறுத்தல் குற்றச்சாட்டை அழித்து, முடங்கியிருந்த காலத்துச் சந்தாவைத் திருப்ப வேண்டும். அந்த போலிக் கணக்குகளின் விவரத்தைச் சைபர் கிரைம் போலீஸ் கேட்டிருக்கிறது, அதற்கு இன்னும் தாமதிக்காமல் பதில் அனுப்புங்கள். அப்புறம், போனில் பேசிய அந்த ஊழியரின் மன்னிப்பு எழுத்தில் வர வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் இவை நடக்காவிட்டால் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போவேன். அதோடு நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆகவே பெங்களூருக்கு நான் இன்னொரு முறை வரப்போவதில்லை, நீங்கள்தான் தஞ்சாவூருக்கு வர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் விளம்பர, சந்தா வாடிக்கையாளர்.

இணைப்பு: கமென்டுகளின் ஸ்கிரீன்ஷாட் பிரின்ட், புகார் எண்கள், தங்கள் தானியங்கிப் பதில்கள், விளம்பர மற்றும் சந்தா ரசீதுகள், பெங்களூர் ரயில் டிக்கெட் நகல்.