அந்த டாலரில் குன்றிமணித் தங்கமும் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் துணுக்குப் பகுதியில், அமெரிக்காவின் பொன்னிற ஒரு டாலர் நாணயத்தில் ‘சிறிதளவு அசல் தங்கம் கலந்திருப்பதால் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது’ என்று போட்டிருந்தீர்கள். பத்திரப்படுத்தியவர்கள் இப்போது என் வீட்டுத் திண்ணைக்கு வரத் தொடங்கிவிட்டார்கள்.

கும்பகோணத்தில் பாங்கு நகைக்கடனுக்கு அப்ரைசராக இருந்து ஓய்ந்தவன் நான். இதழ் வந்த மறுநாளே தெருக்கோடி அம்மாள் ஒருவர், மஞ்சள் துணியில் முடிந்த நாணயங்களோடு வந்தார். நியூஜெர்சியில் இருக்கும் மகன், ரயில் டிக்கெட் இயந்திரத்தில் பாக்கிச் சில்லறையாக விழுந்ததைச் சேர்த்துக் கொடுத்தாராம். பேத்தியின் காதுகுத்துக்கு உருக்கித் தோடு பண்ணலாமா என்று கேட்டார். காந்தத்தில் ஒட்டவில்லை, ஆகவே தங்கம்தான் என்று பேரன் வேறு தீர்ப்புச் சொல்லியிருக்கிறான். பித்தளையும்தான் ஒட்டாது. விளிம்பை உரைகல்லில் இழுத்து, திராவகம் ஒரு சொட்டு விட்டேன். நுரைத்துப் பச்சையாகிக் கோடு இருந்த இடமே தெரியாமல் போயிற்று. தங்கமென்றால் கோடு நின்றிருக்கும். அந்த அம்மாள் கல்லைப் பார்க்கவே இல்லை; உங்கள் இதழைப் பிரித்துக் காட்டினார். “புத்தகத்துலயே போட்டிருக்கான் சார்.” நாற்பது வருஷ உரைகல் இதற்கு என்ன பதில் சொல்லும்?

தாங்கள் அறியாததல்ல, இருந்தாலும் எழுதுகிறேன். குழந்தையை முதுகில் சுமந்த சகாகவேயா என்ற அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்ணின் படத்துடன் 2000-ல் வந்த நாணயம் அது. நடுவில் செம்பு, இருபுறமும் மாங்கனீசு கலந்த பித்தளை. மொத்தத்தில் செம்பு 88.5, துத்தநாகம் 6, மாங்கனீசு 3.5, நிக்கல் 2 சதவீதம். கூட்டினால் நூறு வந்துவிடுகிறது, தங்கம் எங்கே உட்காரும்? 2007 முதல் வந்த, அமெரிக்க அதிபர்கள் படம் போட்ட டாலர்களும் இதே கலவைதான். எடை 8.1 கிராம், நம் சவரனுக்குக் கொஞ்சம் கூட. அதில் நூற்றில் ஒரு பங்கு தங்கம் போட்டாலே இன்றைய விலையில் ஒரு டாலரைத் தாண்டிவிடும். அந்த நாட்டு அரசு அவ்வளவு தாராளமா?

அசல் தங்கத்தில் அடித்ததும் உண்டு. 1999 ஜூலையில் கொலம்பியா விண்ணோடத்தில் போய்வந்த 12 நாணயங்கள், 22 காரட். அவை அந்நாட்டு அரசு தங்கம் வைக்கும் ஃபோர்ட் நாக்ஸ் பெட்டகத்துக்குப் போயின, டிக்கெட் இயந்திரத்துக்கு அல்ல. உங்கள் உதவி ஆசிரியர் இந்தச் செய்தியில் பாதியைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தாரோ என்னவோ. புழக்கத்துக்கு விட்ட மற்ற டாலர் நாணயங்களை அமெரிக்கர்களே கையால் தொடவில்லை. நோட்டே போதும் என்றார்கள். கோடிக்கணக்கில் பெட்டகங்களில் தேங்கியதால், 2011 கடைசியில் புழக்கத்துக்கு அடிப்பதையே நிறுத்தினார்கள். தங்கமாக இருந்தால் விட்டுவைப்பார்களா, ஐயா?

இது புதிதல்ல. பத்து ரூபாய் நாணயம் செல்லுமா என்று கேள்விக்குறியோடு அட்டையில் போட்டீர்கள். 14 வடிவங்களும் செல்லும் என்று 2018-ல் ரிசர்வ் வங்கி சொன்னதை உள்பக்க மூலையில் எறும்பு எழுத்தில் போட்டீர்கள். அதற்குள் டவுன் பஸ்ஸில் கண்டக்டரோடு மல்லுக்கு நின்றவன் நான். வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் வைத்திருந்தால் லட்சாதிபதி என்றும் எழுதினீர்கள். எந்த லட்சாதிபதியும் இதுவரை எங்கள் தெருவுக்குக் குடிவரவில்லை. செய்கூலி, சேதாரம் பற்றி நான் எழுதிய கடிதத்துக்கு மட்டும் இடமில்லை. அட்சய திருதியைக்கு வந்த நகைக்கடை விளம்பரங்களுக்கு நடுவே அது எங்கே நுழையும்!

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த நாணயத்தில் தங்கம் இல்லை என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். முன்பக்கம் வேண்டாம்; ராசிபலனுக்குக் கீழே போட்டால் எல்லார் கண்ணிலும் படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகை மதிப்பீட்டாளர்,
கும்பகோணம்.