மினி டிராக்டரில் டூல்ஸ் வைக்க ஓர் இடம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ மினி டிராக்டர் எடுத்த சேதி கேட்டதிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். 24 எச்.பி., ஃபோர் வீல் டிரைவ் என்றால் வாழைக்கு நடுவே நுழைந்து வரும், தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் நெல்லுக்குச் சேறு அடிக்கலாம், வாடகை வண்டிக்காரருக்குப் போன் போட்டுப் போட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். அம்மிணிக்குக் கோவையிலேயே காலேஜ் கிடைத்ததும் நல்லதாயிற்று. சனி, ஞாயிறில் ஆனைமலைக்கு வந்து போகச் சொல், அவள் அத்தை இப்போதே என்ன சமைப்பது என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

இங்கே எல்லோரும் சுகம். தென்னையில் அந்தச் சுருள் வெள்ளை ஈ மட்டும் விட்டபாடில்லை. 2016ல் நம் பொள்ளாச்சிப் பக்கம்தான் முதலில் கண்டார்கள், இத்தனை வருடம் கழித்தும் கீழ்மட்டைகள் கரி பூசினாற்போலவே நிற்கின்றன. நல்ல மழை அடித்தால் கொஞ்சம் குறைகிறது, வெயில் ஏறினால் திரும்ப வருகிறது. சரி, அதை நேரில் பேசுவோம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியில் கொடுத்த தகரப் பெட்டியில் இரண்டு ஸ்பேனரும் ஒரு பிளேயரும் வைத்தால் மூடி மூடவில்லை, பெரிதாக ஒன்று செய்து மாட்ட வேண்டும், எங்கே மாட்டலாம் என்று எழுதியிருந்தாய். பட்டறைக்குப் போய்ப் பெட்டிக்கு அளவு சொல்வதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள். முதலில் தோட்டத்தில் வண்டியை எதெல்லாம் நிறுத்துகிறது என்று ஒரு வாரம் கவனி. அதைச் சரிசெய்யத் தேவையானது மட்டும் வண்டியில் இருந்தால் போதும். வீட்டுக் கொட்டகையில் கிடக்கும் அத்தனை டூல்ஸையும் ஏற்றினால் எடையும் சத்தமும்தான் கூடும், தேவைப்பட்டது கைக்கும் கிடைக்காது.

என் தோப்பில் அடிக்கடி வண்டியை நிறுத்துவது சொட்டுநீர் டியூப்தான். லேட்டரல் என்கிற அந்த 16 மி.மீ. டியூப் சருகுக்குள் மறைந்து கிடக்கும், பின்னால் மண்ணைக் கிளறி வரும் ரோட்டவேட்டர் அதைப் பிடித்தால் ஒரு நொடியில் ரோட்டர் முழுக்கச் சுற்றிக்கொள்ளும், கூடவே மட்டை நாரும் சேர்ந்து பேரிங் ஓரத்தில் போய் இறுகும். அதை அறுக்க நல்ல கொக்கிக் கத்தி ஒன்று, அறுந்த டியூபை அங்கேயே சேர்க்க கைப்பிடியளவு ஜாயினர், ஓட்டையை அடைக்க நாலு டம்மி. இவ்வளவுதான் வேண்டும், ஆனால் இது இல்லையென்றால் அன்றைக்கு அந்த வரிசைக்குத் தண்ணீர் பாயாது. உனக்கு மஞ்சளில் சொட்டுநீர் போட்டிருப்பதால் இதே கதைதான்.

அடுத்தது பின்கள். உன் வண்டிக்குப் பின்னால் கலப்பை, ரோட்டவேட்டரை மாட்டுகிற மூன்று கைகள் கேட்டகரி 1 லிங்கேஜ் என்ற அளவு, கீழ்க் கைகளில் மாட்டுவது 22 மி.மீ. பின், மேல் கையான டாப் லிங்கில் மாட்டுவது 19 மி.மீ. இவற்றைப் பூட்டும் வளையம் வைத்த லாக் பின்கள் சின்னதாக இருப்பதால் சருகில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் லாக் பின் விழுந்துவிட்டதென்று கட்டுக்கம்பியை முறுக்கிப் போட்டு ஓட்டினார். கம்பி அறுந்து ரோட்டவேட்டர் ஒரு பக்கம் இறங்கி, என்ஜின் சுழற்சியை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகிற பி.டி.ஓ. ஷாஃப்ட் வளைந்துபோனது. பக்கத்தில் ஆள் யாரும் நிற்காதது பெரிய புண்ணியம். ஆகவே கூடுதலாக நாலு லாக் பின், ஒரு டாப் லிங்க் பின், ரோட்டவேட்டர் பிளேடுக்கான நட்டு போல்ட் கொஞ்சம், எல்லாம் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் அளவு பிளாஸ்டிக் டப்பாவில் எப்போதும் இருக்கட்டும்.

ஸ்பேனர் வாங்குவதில் ஒன்றைக் கவனி. உன் வண்டி ஜப்பான் டிசைன், அதில் 8 மி.மீ. போல்ட்டுக்கு 12ஆம் நம்பர் ஸ்பேனர், 10 மி.மீ.க்கு 14, 12 மி.மீ.க்கு 17 பிடிக்கும். நம் ஊரில் செய்கிற கலப்பை, ரோட்டவேட்டர்களில் பெரும்பாலும் அதே போல்ட்டுகளுக்கு 13, 17, 19 வரும். செட்டாக வாங்கி மொத்தத்தையும் வண்டியில் போடாமல் இந்த அளவுகளில் மட்டும் ரிங் ஸ்பேனர் எடுத்து வை. அப்புறம் ஒரு கட்டிங் பிளேயர், ஒரு திருப்புளி, அரைக் கிலோ சுத்தியல், காற்று பார்க்கிற கேஜ். வேறு எதுவும் எனக்கு வரப்பில் தேவைப்பட்டதில்லை.

எங்கே மாட்டுவது என்பதில்தான் மாப்பிள்ளை, நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். ஃபுட்போர்டுக்குக் கீழே நிறைய இடம் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் நீ சேறு அடிக்கிறவன், அங்கே பெட்டி வைத்தால் ஒரே நாளில் உள்ளே சேறு புகுந்துவிடும். முன் பம்பரில் வைத்தால் ரேடியேட்டருக்குப் போகிற காற்றை மறைக்கும், சருகு வேறு அங்கேதான் வந்து அடைகிறது. பம்பரின் அடிப்பகுதியில் மட்டும், கிரில்லுக்குக் கீழே, சங்கிலியும் கொக்கியும் போட ஒரு தட்டு வைத்துக்கொள்ளலாம். பின்னால் ரோட்டவேட்டரைத் தூக்கும்போது முன்பக்கம் லேசாகும், அதற்குச் சங்கிலி எடை கொஞ்சம் ஈடு கொடுக்கும். மட்கார்டுக்கு வெளிப்பக்கமாக நீட்டி எதையும் மாட்டாதே. வண்டியின் அகலத்தைப் பார்த்துத்தானே மினி டிராக்டர் எடுத்தாய், நாலு அங்குலம் வெளியே நீட்டினாலும் வாழைத் தார் இடிபடும்.

எனக்கு ஒத்துவந்தது சீட்டுக்குப் பின்னால் நிற்கும் ரோல் பாரின் குறுக்குச் சட்டம். அதில் யு கிளாம்ப் போட்டுப் பெட்டியைக் கட்டியிருக்கிறேன். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், பட்டறையில் என்ன சொன்னாலும் ரோல் பாரில் ஓட்டை போடவோ வெல்டிங் வைக்கவோ விடாதே. வண்டி கவிழ்ந்தால் அதன் மொத்த எடையைத் தாங்கி உன் உயிரைக் காப்பது அந்தப் பைப்தான். ஓட்டை போட்ட இடத்திலும் வெல்டிங் சூடு பட்ட இடத்திலும் அது பலவீனமாகி, கவிழும்போது அங்கேயே மடங்கும். கிளாம்ப் போட்டால் அந்தப் பயம் இல்லை, வேண்டாமென்றால் கழற்றியும் விடலாம். உன்னுடையது மடக்குகிற மாடலாக இருந்தால் கீலுக்குக் கீழேயே கட்டு. பின் கண்ணாடி இல்லாத வண்டியில் நாம் திரும்பித்தான் கலப்பையைப் பார்க்கிறோம், அந்தப் பார்வையை மறைக்காத உயரத்தில் பெட்டி இருக்கிறதா என்று சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் குறி போடு.

மட்கார்டின் மேல்தட்டில் சின்னதாக ஏதாவது மாட்டுவதென்றால் உள்பக்கம் 3 மி.மீ. பட்டை ஒன்று வைத்துப் போல்ட் போடு, இல்லையென்றால் அதிர்விலே தகடு ஓட்டையிலிருந்து கிழியும். போல்ட்டின் தலை டயர் பக்கம் இருக்கட்டும், நட்டு வெளியே வரட்டும். மாற்றிப் போட்டால் மரை நீட்டிக்கொண்டு நின்று, பள்ளத்தில் இறங்கி ஏறும்போது டயரைச் சுரண்டும். எல்லா இடத்திலும் உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டுதான், சாதா நட்டு இந்த அதிர்வில் நிற்காது. வண்டியிலேயே வைத்து வெல்டிங் வேலை ஏதாவது செய்வதானால் பேட்டரி டெர்மினலைக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

பெட்டிக்கு 16 கேஜ் தகடு போதும், அதற்கு மேல் கனம் வேண்டாம். மூடி நாலு பக்கமும் அரை அங்குலம் இறங்கி மூடட்டும், அடியில் மூலைக்கொரு ஓட்டை இருந்தால் புகுந்த தண்ணீர் தங்காது. உள்ளே ஸ்பேனர்கள் மோதிக்கொண்டே இருந்தால் சத்தத்தில் என்ஜின் ஓசை மாறுவதுகூடக் காதில் விழாது. அடியில் பழைய டியூபை வெட்டி ஒட்டிவிட்டு, மேலே திருப்பூர் பனியன் வேஸ்ட் அமுக்கி வைத்திருக்கிறேன், கை துடைக்கவும் அதுவே ஆகிறது. எண்ணெய் ஊறிய துணியை மட்டும் சைலன்சர் பக்கம் விடாதே.

கிரீஸ் கன்னைப் பெட்டிக்குள் போடவே வேண்டாம், படுக்க வைத்தால் ஒழுகி எல்லாவற்றிலும் பிசுபிசுவென்று ஒட்டும். கிணற்றடியில் மிச்சம் கிடக்கும் 75 மி.மீ. பி.வி.சி. பைப்பில் ஓரடி வெட்டி, அடியில் எண்ட் கேப் மாட்டி, அதில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, ரோல் பார் காலோடு கிளாம்ப் போட்டுவிடு. கன் அதில் நேராக நிற்கும். முனைக்கு ஒரு துணி உறை போடு, தூசி ஒட்டிய முனையை நிப்பிளில் வைத்து அடித்தால் அந்த மண் நேரே பேரிங்குக்குள்தான் போகும். கன் கண் முன்னால் நிற்க ஆரம்பித்ததிலிருந்து என் டிரைவர் தினமும் பி.டி.ஓ. ஷாஃப்டின் மூட்டான கிராஸுக்குத் தானாகவே கிரீஸ் அடிக்கிறார், நான் சொல்ல வேண்டியதே இல்லை. அதே மாதிரி 110 மி.மீ. பைப்பில் இன்னொன்று செய்து அவருக்குத் தண்ணீர் பாட்டில் வைக்க மாட்டியிருக்கிறேன்.

இன்னொரு ஏற்பாடு, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பெட்டிக்கு ஒரு சின்னப் பூட்டு போட்டு, அதன் சாவியை வண்டிச் சாவி வளையத்திலேயே கோத்திருக்கிறேன். கத்தியை எடுக்க வேண்டுமென்றால் வண்டிச் சாவியைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும், பிடுங்கினால் என்ஜின் நின்றுவிடும். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது, அதை ஓடவிட்டே ரோட்டரில் சிக்கிய டியூபைக் கையால் இழுக்கிற ஆட்களை நீயும் பார்த்திருப்பாய், நானும் பார்த்திருக்கிறேன். வேஷ்டி நுனியோ துண்டோ பட்டால் முடிந்தது. சாவியில் நிற்கும் வண்டிக்குத்தான் இது சரிப்படும், குமிழை இழுத்து நிறுத்தும் வகையாக இருந்தால் சாவியை எடுத்தாலும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். உன் வண்டி எந்த வகை என்று ஒரு தடவை நிறுத்திப் பார்த்துக்கொள், உன் தம்பி பையனுக்கும் இதைச் சொல்லிக் கொடு, அவன்தானே அதிகம் ஓட்டப்போகிறான்.

எங்கள் பட்டறைக்காரர் நிதானமாக, சுத்தமாக வேலை செய்கிறவர். ரோல் பார் பைப்பின் அகலமும் கனமும், குறுக்குச் சட்டத்தின் நீளம், சீட்டின் முதுகிலிருந்து சட்டம் வரை உள்ள இடைவெளி, இந்த நாலு அளவையும் டேப் வைத்து எடுத்து எழுதி அனுப்பு. பெட்டியும் கிளாம்பும் இங்கேயே செய்து வைக்கிறேன், அம்மிணியைக் கூட்டிப் போக நீ கோவைக்கு வருகிற அன்றைக்கு இங்கே ஒரு எட்டு வந்து எடுத்துப் போ.

அன்புடன்,
உன் மச்சான்